மீத்தேன் சேமிப்புக்கு நுண்துளைக் கரி: புறப்பரப்பு கூடியும் கலனின் கொள்ளளவு கூடாதது ஏன்?

நிலா_வேதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேங்காய்த் தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, மீத்தேன் சேமிப்புக்கு ஏற்ற நுண்துளைக் கரியைத் தயாரிப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. தொட்டியை நைட்ரஜன் ஓட்டத்தில் 500 டிகிரி செல்சியஸில் கரியாக்கிப் பொடித்துச் சலிக்கிறேன். அதன் எடையைப் போல நான்கு மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து 800 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, ஆறிய பின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் வெந்நீராலும் கழுவி உலர்த்துகிறேன். 77 கெல்வினில் நைட்ரஜனைக் கொண்டு அளந்த பிஇடி புறப்பரப்பு (துளைச்சுவர்களையும் சேர்த்து, வாயு படியக்கூடிய மொத்தப் பரப்பு) கிராமுக்கு ஏறத்தாழ 2,800 சதுர மீட்டர் வருகிறது.

ஒப்பிடுவதற்காகக் கடையில் கிடைக்கும், நீராவியால் கிளர்வூட்டிய (அரித்துத் துளைகளை உண்டாக்கிய) தொட்டிக் கரி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். அதன் புறப்பரப்பு சுமார் 1,100 சதுர மீட்டர். 25 டிகிரியில் 35 பார் அழுத்தத்தில் என் கரி கிராமுக்கு 13 மில்லிமோல் மீத்தேனையும், கடைக்கரி 5.5 மில்லிமோலையும் ஏற்கின்றன. இதுவரை மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு லிட்டர் கலனில், இயல்பு நிலையில் (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம்) அளந்தால் எத்தனை லிட்டர் வாயு அடங்கும் என்று கணக்கிட்டால் என் கரிக்கு 115 லிட்டரும் கடைக்கரிக்கு 87 லிட்டரும்தான் வருகின்றன. புறப்பரப்பு இரண்டரை மடங்காக இருக்கும்போது கலனின் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடியிருக்கிறது. நான் மாற்ற வேண்டியது ஹைட்ராக்சைடின் விகிதத்தையா, வெப்பநிலையையா, மூலப்பொருளையா? துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சமவெப்பன் எழுதியது:

உங்கள் அளவீட்டில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. இரண்டு கரிகளின் பருமன் அடர்த்தியை (கலனில் நிரப்பிய நிலையில் மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்பதை) நீங்கள் எழுதவில்லை என்றாலும், கணக்கிலிருந்து அதை மீட்டெடுக்கலாம். உங்கள் பொடி ஒரு மில்லிலிட்டருக்கு 0.3 கிராமும் கடைக்கரி 0.5 கிராமும் இருக்க வேண்டும். 13 மில்லிமோல் என்பது இயல்பு நிலையில் 291 மில்லிலிட்டர் வாயு, அதை 0.3ஆல் பெருக்கினால் 87. கரியின் திண்ம அடர்த்தி 2.1 என்று கொண்டால், கலனின் பருமனில் 86 விழுக்காடு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் 35 பாரில் இருக்கும் வாயு மேலும் 28 சேர்க்க, மொத்தம் 115 ஆகிறது. கடைக்கரிக்கு இதே கணக்கு 62உம் 25உம் சேர்ந்து 87 தருகிறது. கரியே இல்லாத வெறும் கலனில் அதே அழுத்தத்தில் 33 லிட்டர் அடங்கும் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே கிளர்வூட்டும்போது நீங்கள் ஈட்டிய புறப்பரப்பில் பெரும்பகுதியை அடர்த்தியாக இழந்திருக்கிறீர்கள். நான்கு மடங்கு ஹைட்ராக்சைடும் 800 டிகிரியும் சேர்ந்தால் துளைகள் எண்ணிக்கையில் பெருகுவதோடு நிற்பதில்லை. ஏற்கெனவே இருந்த குறுகிய துளைகள் அகன்று 2 நானோமீட்டரையும் தாண்டிவிடுகின்றன. அறை வெப்பநிலையில் 35 பாரில், அகன்ற துளையின் நடுவே இருக்கும் மீத்தேன் மூலக்கூறு சுவரின் ஈர்ப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அங்கே அது வெறும் அழுத்தப்பட்ட வாயுதான்.

எந்த அகலம் தேவை என்பதற்கு மட்ராங்கா, மையர்ஸ், கிளாண்ட் ஆகியோர் 1992இல் வெளியிட்ட கணினிக் கணக்கீடு இன்றும் நல்ல தொடக்கப் புள்ளி. எதிரெதிரான இரு கரித்தளங்களின் அணு மையங்களுக்கிடையே 1.14 நானோமீட்டர் இருப்பதே 34 பாரில் உகந்த பிளவுத்துளை என்று அவர்கள் கண்டனர். அதிலிருந்து கரி அணுக்களின் பருமனைக் கழித்தால் உள்ளே 0.8 நானோமீட்டர் எஞ்சும். மீத்தேன் மூலக்கூறின் விட்டம் 0.38 என்பதால், இரு சுவர்களையும் ஒட்டி ஒவ்வோர் அடுக்காக இரண்டு அடுக்குகள் அதில் சரியாகப் பொருந்தும். அத்தகைய துளைகளே நிறைந்த, இடைவெளியற்ற ஒற்றைக் கட்டியில் லிட்டருக்கு 209 லிட்டரும், குறுமணிகளாக நிரப்பினால் 146 லிட்டரும் உச்ச வரம்பு என்பது அவர்களின் முடிவு. இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளி முழுவதும் மணிகளுக்கு இடையே வீணாகும் இடத்தால் வருவது. உங்கள் 115, பொடிக்கான வரம்பிலிருந்து அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

பிஇடி எண்ணைப் பற்றியும் ஒரு சொல். புருனவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938இல் அச்சமன்பாட்டைத் தந்தபோது, திறந்த பரப்பின் மேல் அடுக்கடுக்காகப் படியும் வாயுவையே கருதினர். நுண்துளைக்குள் நடப்பது அடுக்குப் படிதல் அன்று. துளை மொத்தமாக நிரம்பிவிடுகிறது. தனித்த கிராஃபீன் தாளின் இரு முகங்களையும் சேர்த்தே கிராமுக்கு 2,630 சதுர மீட்டர்தான் வரும் என்னும்போது, 3,000க்கு மேல் அறிவிக்கப்படும் கரிகளில் தாள்களின் விளிம்புகளும் கணக்கில் வந்திருக்கலாம். சமன்பாடு அதன் எல்லைக்கு வெளியே இழுக்கப்பட்டும் இருக்கலாம். நைட்ரஜன் அளவீட்டோடு, 273 கெல்வினில் கரியமில வாயுவைக் கொண்டும் ஒரு சமவெப்பக் கோட்டை (மாறா வெப்பநிலையில் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறும் வாயுவின் அளவை) எடுங்கள். 77 கெல்வினில் நைட்ரஜன் மிக மெதுவாகவே நுழையக்கூடிய, 0.7 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளை அது காட்டிக்கொடுக்கும்.

என் பரிந்துரை, விகிதத்தை இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையே இறக்கி, வெப்பநிலையை 700ஐ ஒட்டி வைப்பது. புறப்பரப்பு 2,000 அளவுக்குக் குறையும்; அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அக்கரி கிராமுக்கு 10 மில்லிமோல் மட்டும் ஏற்று, அதை 0.6 அடர்த்திக்கு அழுத்தவும் முடிந்தால், கணக்கு 158ஐத் தொடும்.

தொட்டிக்கரி எழுதியது:

நான் கொங்குப் பகுதியில் உள்ள ஒரு கிளர்வுற்ற கரி ஆலையில் உற்பத்திப் பிரிவில் இருப்பவன். ஆய்வுக்கூடத்தில் மூலப்பொருள் ஒரு மாறிலிபோல நடத்தப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்று உறுத்தும். தங்கைக்கு அது குறித்தே சொல்ல விரும்புகிறேன்.

தேங்காய்த் தொட்டி கடினமானது, லிக்னின் மிகுந்தது, சாம்பல் குறைந்தது. கரியாக்கும்போது அதன் செல்சுவர்கள் குலைந்து பெருந்துளைகளாக மாறாமல், ஒழுங்கற்று அடுக்கிய மெல்லிய கரித்தளங்களுக்கிடையே குறுகிய பிளவுகளை விட்டுவைக்கின்றன. இதனால்தான் வாயுவைக் கவரும் வேலைக்குத் தொட்டிக் கரியும், சாயம் நீக்கும் வேலைக்கு அகன்ற துளைகள் கொண்ட மரக்கரியும் விரும்பப்படுகின்றன. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குத் தேங்காய்த் தொட்டி போதாமல், அமெரிக்கர்கள் வீடு வீடாகப் பீச் பழக்கொட்டைகளைச் சேகரித்ததும் இதே காரணத்தால்தான்.

ஆனால் தொட்டிக் கரி எல்லாம் ஒன்றன்று. குழியில் போட்டுச் சுட்டுத் தண்ணீர் தெளித்து அணைத்த கரியில் ஒரு பகுதி வெந்தும் ஒரு பகுதி வேகாமலும் இருக்கும். மண்ணும் உப்பும் ஏறியிருக்கும். அணைத்த தண்ணீர் நிலத்தடிக்குள் இறங்குவதால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் எழுந்த சிக்கல் தனிக்கதை. சுழல் உலையில் சீராகச் சுட்ட கரியே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நீங்களே கரியாக்குவதாக எழுதியிருப்பது நல்லது. அப்படியானால் தொட்டியின் முதிர்ச்சியையும் நார் நீக்கப்பட்டதையும் உறுதி செய்யுங்கள்.

நாங்கள் செய்யும் நீராவிக் கிளர்வூட்டல் 900 டிகிரிக்கு மேல் நடக்கிறது. நீராவியும் கரியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும் அந்த வினை மோலுக்கு 131 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுவது. அதனால் வெப்பத்தைக் கொடுத்தால் ஓடும்; நிறுத்தினால் நின்றுவிடும். கட்டுப்படுத்த எளியது, கழுவவும் வேண்டியதில்லை. குறை என்னவென்றால், அரிப்பு மணியின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே செல்வதால் வெளிப்பகுதி மிகையாகத் தேய்ந்துபோகிறது. 1,500 சதுர மீட்டருக்கு மேல் போக முயன்றால் கைக்குக் கிடைக்கும் கரியே சொற்பமாகிவிடும்.

ஹைட்ராக்சைடு முறையில் புறப்பரப்பு கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலையைப் பாருங்கள். நான்கு மடங்கு ஹைட்ராக்சைடு போட்டு, கரியில் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சினால், ஒரு கிலோ பொருளுக்கு ஆறேழு கிலோ ஹைட்ராக்சைடு செலவாகிறது. அது கழுவுநீரில் கார்பனேட்டாகவும் குளோரைடாகவும் வெளியேறுகிறது. அந்த நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் யார் கணக்குக் காட்டுவது?

நிலா_வேதி எழுதியது:

சமவெப்பன் ஐயாவுக்கும் தொட்டிக்கரி அண்ணாவுக்கும் நன்றி. அடர்த்திகள் நீங்கள் ஊகித்தபடியே இருக்கின்றன. விகிதத்தைக் குறைத்துப் பார்க்கத் தொடங்குகிறேன். இரண்டு ஐயங்கள் உண்டு. ஒன்று, உலை ஆறிய பின் திறக்கும்போது சில வேளைகளில் குழாயின் குளிர்ந்த முனையில் சாம்பல் நிறப் படிவு ஒன்று தெரிகிறது, அது என்ன? மற்றொன்று, அமிலத்தால் கழுவுவது கட்டாயமா, வெறும் நீர் போதாதா?

சமவெப்பன் எழுதியது:

அந்தப் படிவைத் தொடாதீர்கள். குழாயை உடனே கழுவவும் முற்படாதீர்கள். அது பொட்டாசியம் உலோகமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஆறு மோல் ஹைட்ராக்சைடு இரண்டு மோல் கார்பனோடு வினைபுரிந்து இரண்டு மோல் பொட்டாசியத்தையும், மூன்று மோல் ஹைட்ரஜனையும், இரண்டு மோல் பொட்டாசியம் கார்பனேட்டையும் தருகிறது. எடையில் சொன்னால் 24 கிராம் கரிக்கு ஏறத்தாழ 337 கிராம் ஹைட்ராக்சைடு. 700 டிகிரிக்கு மேல் கார்பனேட்டும் சிதைந்து, வெளிவரும் கரியமில வாயு கரியை மேலும் அரிக்கிறது. பொட்டாசியத்தின் கொதிநிலை 759 டிகிரி. நீங்கள் 800இல் வேலை செய்யும்போது அது ஆவியாகிக் கரித்தளங்களுக்கிடையே புகுந்து அவற்றை நெகிழ்த்துகிறது. பின்னர் கழுவும்போது உலோகம் வெளியேற, நெகிழ்ந்த தளங்கள் பழைய நெருக்கத்துக்குத் திரும்புவதில்லை. இம்முறைக்கே உரிய நுண்துளைகள் பிறப்பதில் இந்தப் புகுதலுக்குப் பெரிய பங்குண்டு. அதே ஆவியின் ஒரு பகுதிதான் நைட்ரஜன் ஓட்டத்தோடு சென்று குளிர்ந்த முனையில் படிகிறது.

ஆகவே உலை முழுதும் அறை வெப்பநிலைக்கு வரும்வரை நைட்ரஜனை நிறுத்தாதீர்கள். பிறகு ஈரமேற்றிய நைட்ரஜனை மெதுவாகச் செலுத்தி உலோகத்தைச் செயலிழக்கச் செய்து, அதன் பின்னரே திறந்து, கரியைச் சிறிது சிறிதாக நீரில் இடுங்கள். வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் இருப்பதால் புகைபோக்கிப் பெட்டி இன்றி இதைச் செய்யவே கூடாது. கலனாக நிக்கல் படகையே பயன்படுத்துங்கள். குவார்ட்ஸையும் அலுமினாவையும் உருகிய ஹைட்ராக்சைடு தின்றுவிடும், தின்றது சிலிக்கேட்டாகவும் அலுமினேட்டாகவும் உங்கள் கரியில் சேரும்.

அமிலம் தேவை. வெறும் நீர் ஹைட்ராக்சைடையும் கார்பனேட்டையும் பெருமளவு கரைக்கும். ஆனால் குறுகிய துளைகளுக்குள் சிக்கியதும் கரியின் ஆக்சிஜன் தொகுதிகளோடு பிணைந்ததும் அமிலத்தில்தான் வரும். அதன் பிறகு குளோரைடு முற்றாக நீங்கும்வரை வெந்நீர் ஊற்றி, வடிநீரில் வெள்ளி நைட்ரேட்டால் சோதித்துக்கொள்ளலாம்.

விலை குறித்து அண்ணன் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் இம்முறை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அமோக்கோ நிறுவனத்தினர் பெட்ரோலியக் கோக்கிலிருந்து இவ்வகைக் கரியைச் செய்யும் முறைக்கு 1978இல் காப்புரிமை பெற்றனர். ஏஎக்ஸ்-21 என்ற பெயரிலும், பின்னர் ஜப்பானின் கன்சாய் கோக் நிறுவனத்தின் மாக்ஸ்சார்ப் என்ற பெயரிலும் அது விற்பனைக்கு வந்தது. மின்தேக்கிகளுக்கு வாங்குபவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். எரிவாயு வண்டிக்காரர் கொடுப்பாரா என்பதுதான் கேள்வி.

உருளைக்காரர் எழுதியது:

கொடுக்கமாட்டார் என்பதே என் கணிப்பு. இயற்கை எரிவாயு வண்டிகளின் உருளைகளைச் சோதிக்கும் பணியில் இருப்பதால் கலனின் பக்கமிருந்து பேசுகிறேன்.

முதலில் போட்டி எதனோடு என்று பார்ப்போம். நம் ஊர் நிலையங்களில் 200 பாரில் வாயு நிரப்புகிறார்கள். 250 பாரில், 25 டிகிரியில், வெறும் உருளை லிட்டருக்கு 263 லிட்டர் கொள்ளும். அமெரிக்க எரிசக்தித் துறை, கரி போன்று வாயுவைத் தன் பரப்பில் கவர்ந்து வைக்கும் கவர்பொருள் நிரப்பிய கலன்களுக்கு முதலில் 35 பாரில் 150 என்றும், பின்னர் 180 என்றும் இலக்கு வைத்திருந்தது. 2012இல் தொடங்கிய திட்டத்தில் அதை 263ஆக உயர்த்தியதோடு, எடையில் கிராமுக்கு அரை கிராம் மீத்தேன் என்றும் சேர்த்தது. மணிகளுக்கு இடையேயான இழப்பைக் கருதினால் கவர்பொருள் அளவில் 350 வேண்டும் என்றும் கூறியது. இதுவரை அறிந்த எந்தக் கரியும் 2012இன் இந்த இலக்குகளை எட்டவில்லை. மிசௌரி பல்கலைக்கழகக் குழு 2007இல் சோளக்கட்டையிலிருந்து செய்த கரிக் கட்டிகள் 35 பாரில் 180ஐ எட்டியதாக அறிவித்தது. கான்சஸ் சிட்டியில் ஒரு சிறு லாரியில் அவற்றைப் பொருத்தியும் பார்த்தார்கள். இன்ஜெவிட்டி நிறுவனம் ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் சுமார் 62 பாரில் இயங்கும் கரிக்கட்டிக் கலன்களைப் பொருத்தியது. பரவலாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

இருந்தும் குறைந்த அழுத்தத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 35 பாருக்குப் பல கட்ட அமுக்கி தேவையில்லை. தடித்த எஃகு உருளையும் தேவையில்லை. வண்டியின் அடிப்பகுதிக்கேற்பத் தட்டையான கலனைச் செய்யலாம். ஆய்வுக்கட்டுரைகள் சொல்லாமல் விடும் மூன்று இடர்களைச் சொல்கிறேன்.

வெப்பம் முதலாவது. மீத்தேன் கரியில் ஒட்டும்போது மோலுக்கு 16 முதல் 20 கிலோஜூல் வரை வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிலோ மீத்தேன் என்பது 62 மோலுக்குச் சற்று மேல். ஆக ஏறத்தாழ ஆயிரம் கிலோஜூல் வெப்பத்தை ஐந்தாறு கிலோ கரி வாங்கிக்கொள்ள வேண்டும். கரியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெப்பம் எங்கும் வெளியேறாது என்று வைத்துக் கணக்கிட்டால் நூறு டிகிரிக்கும் மேல் ஏற வேண்டும். சூடேறச் சூடேறக் கவரும் திறன் குறைவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறுவதில்லை. அதாவது கலன் நிரம்பாமலே அழுத்தமானி நிரம்பிவிட்டதாகக் காட்டும். ஓட்டும்போது இதற்கு நேர்மாறாகக் கலன் குளிர்ந்து, வாயு வெளிவர மறுக்கும். நிலா_வேதி அளந்தது சமவெப்பநிலையில். வண்டிக்காரருக்கு ஐந்து நிமிடத்துக்குள் நிரப்ப வேண்டும்.

அடுத்தது, எஞ்சும் வாயு. இஞ்சினுக்குள் செலுத்தக் கலனில் ஓரளவு அழுத்தம் இருந்தாக வேண்டும். 2012 இலக்குகளில் அதை 5.8 பார் என்று கொண்டார்கள். அந்த அழுத்தத்தில் குறுகிய துளைகள் இன்னும் பாதியளவு நிறைந்தே இருக்கும். எனவே சமவெப்பன் ஐயா பரிந்துரைக்கும் குறுகிய துளையை நான் முழுமனத்தோடு ஏற்கமாட்டேன். சேமித்ததை விட்டுக்கொடுக்காத துளையால் பயனில்லை.

மூன்றாவது, வாயுவின் தூய்மை. குழாயில் வருவது தூய மீத்தேன் அன்று. ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன், கரியமில வாயு, ஈரம், கசிவை மணத்தால் உணர்த்தச் சேர்க்கும் மெர்காப்டன் ஆகியவை எல்லாம் மீத்தேனைவிட இறுக்கமாக ஒட்டுபவை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அவை சிறிது தங்கிவிட, மீத்தேனுக்கான இடம் சுருங்கிக்கொண்டே போகும். கலனுக்கு முன்னால் இவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஒரு காவல் படுகை வைத்தால் தாமதப்படுத்தலாம்.

கேள்விக்குறி எழுதியது:

துறைக்கு வெளியே இருந்து படிப்பவன் நான். இவ்வளவு இடர் என்றால் மீத்தேனை விட்டுவிட்டு ஹைட்ரஜனுக்கு இந்தக் கரிகளைப் பயன்படுத்தலாமே? கார்பன் நானோகுழாய்களில் ஹைட்ரஜன் ஏராளமாகச் சேமிக்கப்படுவதாகக் கல்லூரிக் காலத்தில் படித்த நினைவு.

சமவெப்பன் எழுதியது:

படித்திருப்பீர்கள். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தைச் சேர்ந்த தில்லனும் கூட்டாளிகளும் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, தூய ஒற்றைச்சுவர்க் குழாய்களில் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை ஹைட்ரஜன் ஏறக்கூடும் என்று மதிப்பிட்டது. மறு ஆண்டில் கிராஃபைட் நானோநார்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஏறியதாக வேறொரு குழு எழுதியது. இவற்றை வேறெவராலும் மீண்டும் பெற முடியவில்லை. ஸ்டுட்கார்ட்டில் ஹிர்ஷரின் குழு ஆராய்ந்தபோது, குழாய்களை வெட்டப் பயன்பட்ட மீயொலிக் கருவியின் டைட்டேனியம் உலோகக் கலவையே தேய்ந்து மாதிரியில் கலந்து, ஹைட்ரஜனை அதுவே ஏற்றிருந்தது தெரியவந்தது. 2006இல் எரிசக்தித் துறை, வண்டிகளுக்கான தூய நானோகுழாய் ஆய்வைக் கைவிடுவதென முடிவெடுத்தது.

இயற்பியல் எளியது. ஹைட்ரஜன் கரியோடு மோலுக்கு 4 முதல் 8 கிலோஜூல் வரைதான் பிணைகிறது. அறை வெப்பநிலையில் ஏற்றி இறக்க ஏறத்தாழ 15 தேவை என்பது பாட்டியா, மையர்ஸ் இருவரின் 2006ஆம் ஆண்டுக் கணக்கு. எனவே 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால், ஒவ்வொரு 500 சதுர மீட்டருக்கும் எடையில் ஒரு விழுக்காடு என்ற சாகின் விதிப்படி ஓரளவு ஏறும். அறை வெப்பநிலையில் 100 பார் கொடுத்தாலும் ஒரு விழுக்காட்டை எட்டுவதே அரிது.

இதை நிலா_வேதிக்காகவும் எழுதுகிறேன். அழுத்த வேறுபாட்டைக் கொண்டு அளக்கும் கருவியில் மாதிரி சிறிதாக இருந்தால், மிக நுண்ணிய கசிவும், அறையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறுவதும், ஹீலியத்தால் கணித்த வெற்றிடப் பருமனில் உள்ள பிழையும் சேர்ந்து, இல்லாத வாயுவை உண்டாக்கிக் காட்டும். ஒரு கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். மாதிரி இல்லாத காலிக் கலத்திலும் அதே அழுத்தங்களில் ஓர் ஓட்டம் எடுத்துக் கழியுங்கள். கட்டுரையில் எழுதும் எண் மிகை அளவா (கரி இழுத்துக்கொண்ட கூடுதல் வாயு மட்டும்) மொத்த அளவா (துளைகளில் சும்மா இருக்கும் வாயுவும் சேர்ந்தது) என்பதையும் ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிடுங்கள்.

வெளியூர்த்துளை எழுதியது:

இங்கே உரையாடல் தொட்டிக்கரியைச் சுற்றியே நடக்கிறது. துளையின் அகலத்தைத் தற்செயலுக்கு விடாமல் வடிவமைக்கும் முறைகள் இருப்பதையும் சேர்க்க விரும்புகிறேன். டைட்டேனியம் கார்பைடின் மேல் குளோரினைச் செலுத்தினால் உலோகம் டைட்டேனியம் டெட்ராகுளோரைடாக ஆவியாகி வெளியேறி, படிகத்தில் அது இருந்த இடங்கள் துளைகளாகின்றன. வெப்பநிலையை மாற்றித் துளையின் அகலத்தை மிக நுட்பமாகத் திருத்தலாம். செண்டாய் நகரின் தோஹொகு பல்கலைக்கழகத்தில் கியோதானியின் குழு, ஒழுங்கான நுண்துளைகள் கொண்ட கனிமமான ஒய் வகைச் சியோலைட்டின் துளைகளுக்குள் கார்பனைப் படியச் செய்து, பிறகு சியோலைட்டைக் கரைத்து, கிராமுக்கு 4,000 சதுர மீட்டரை நெருங்கும் ஒழுங்கான கரியைப் பெற்றது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, துளைகள் நிறைந்த உலோக-கரிமச் சட்டகங்கள் இன்னொரு வழி. அவற்றுக்காகத்தான் 2025இன் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வழங்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான எச்கேயுஎஸ்டி-1ஐப் பொடியாக அல்லாமல் கண்ணாடி போன்ற ஒற்றைக் கட்டியாக வளர்த்து, 65 பாரில் லிட்டருக்கு 259 லிட்டரை எட்டியதாகக் கேம்பிரிட்ஜ் குழு 2018இல் காட்டியது.

தொட்டிக்கரி எழுதியது:

சியோலைட்டைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். விலையுயர்ந்த அச்சு ஒவ்வொரு முறையும் அழிகிறது. கார்பைடு வழியில் ஒவ்வொரு கிலோவுக்கும் குளோரினைக் கையாள வேண்டும். இவற்றைக் கொண்டு வண்டிக்கலன் நிரப்புவது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் எடுத்துக்காட்டு நம் வாதத்துக்கே துணை செய்கிறது. அந்தப் பொருள் புதியதன்று, அதன் கிராம் கணக்கும் கூடவில்லை. பொடிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தை ஒழித்ததால்தான் எண் உயர்ந்தது.

வெளியூர்த்துளை எழுதியது:

வண்டிக்கலன் நடக்காது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரியில் வாயுவைச் சேமிப்பது ஏற்கெனவே வெற்றிகரமான வணிகமாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அதைப் பற்றி நம் துறையில் குறைவாகவே பேசுகிறோம். சில்லு உற்பத்தியில் அயனிப் பதிப்புக்கு (சிலிக்கனுக்குள் வேற்று அணுக்களைச் செலுத்துவதற்கு) ஆர்சீன், பாஸ்பீன் போன்ற கொடிய நச்சுவாயுக்கள் வேண்டும். அவற்றை உயர் அழுத்த உருளையில் வைத்தால் ஒரு கசிவு போதும், பலர் உயிரிழப்பர். செயற்கைப் பலபடியைக் கரியாக்கிச் செய்த நுண்துளைக் கட்டிகளில் ஏற்றி, உருளையின் உள்ளழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே வைத்துவிட்டால், அடைப்பிதழ் பழுதானாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர நஞ்சு வெளியே பீறிடாது. அங்கே கரியின் விலை ஒரு பொருட்டன்று. பெட்ரோல் வண்டிகளில் எரிபொருள் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியும் இவ்வகைதான். கரி அங்கே ஆவியை ஒரு பயணத்திலிருந்து அடுத்த பயணம்வரை மட்டுமே வைத்திருந்தால் போதும். எரிவாயுக் கலனிடம் நாம் எதிர்பார்ப்பது அதைவிட மிகக் கடினமான வேலை.

நிலா_வேதி எழுதியது:

விகிதம் இரண்டில் 700 டிகிரியில் செய்த கரியைக் கரியமில வாயுவால் அளந்ததில், குறுகிய துளைகள் மிகுந்திருப்பது தெரிகிறது. இப்போது அதைக் கட்டியாக அழுத்த முயல்கிறேன். பாலிவினைல் ஆல்கஹாலைப் பிணைப்பானாகச் சேர்த்தால் வில்லை உறுதியாக நிற்கிறது; ஆனால் ஏற்பு வெகுவாகக் குறைகிறது. பிணைப்பான் இல்லாமல் அழுத்தினால் அச்சிலிருந்து எடுக்கும்போதே உதிர்கிறது. இதற்கு வழி உண்டா?

தொட்டிக்கரி எழுதியது:

பிணைப்பான் துளைவாய்களை அடைத்துவிடுகிறது. வில்லையாக்கிய பிறகு நைட்ரஜனில் மீண்டும் சுட்டால் பிணைப்பானும் ஓரளவு கரியாகி வாய் திறக்கும். பாலிவினைல் ஆல்கஹால் சுடும்போது பெரும்பாலும் ஆவியாகிப் போவதால் வில்லை வலுவிழக்கும். ஃபீனால் பிசினோ லிக்னினோ கணிசமாகக் கரியை விட்டுச்செல்வதால் இதற்குப் பொருத்தமானவை. மணிகளையும் எல்லாம் ஒரே அளவில் சலிக்காதீர்கள். பருமணிகளின் இடுக்குகளில் நுண்மணிகள் புகும்படி இரண்டு அளவுகளைக் கலந்தால், அழுத்தாமலேயே அடர்த்தி கூடுவதை நீங்கள் காணலாம்.

இன்னொரு வழி, கரியை முதலில் கட்டியாக்கி, அதன் பின் கிளர்வூட்டுவது. ஹைட்ராக்சைடோடு இதைச் செய்தால் கட்டி பெரும்பாலும் சிதைந்துவிடும். நீராவியாலோ கரியமில வாயுவாலோ மெதுவாகச் செய்தால் வடிவம் நிற்கும், புறப்பரப்பு குறையும்.

சமவெப்பன் எழுதியது:

குறைந்தால் குறையட்டும். உருளைக்காரர் எழுப்பிய 5.8 பார் வாதத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இலக்கு அழுத்தம் 35 பாராகவும் இறுதி அழுத்தம் 1 பாராகவும் இருந்தால் அணு மையங்களுக்கிடையே 1.1 நானோமீட்டரை ஒட்டிய துளைகளே வெல்லும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 65இலிருந்து 5.8 வரை என்று எல்லையை மாற்றினால், உகந்த அகலம் சற்று மேலே நகரும், 0.7க்கும் குறுகியவை அப்போது சுமைதான். ஆகவே துளைப் பரவலை முடிவு செய்யும் முன்னரே, எந்த இரு அழுத்தங்களுக்கிடையே கலன் இயங்கப்போகிறது என்பதை நிலா_வேதி முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே கரி பொருந்தாது.

உருளைக்காரர் எழுதியது:

அதில் எனக்கு உடன்பாடே. கட்டுரையில் இரு எல்லைகளுக்கும் விடுவிப்பு அளவை (அழுத்தம் இறங்கும்போது உண்மையில் வெளிவரும் வாயுவை) தனித்தனியே கொடுத்துவிடுங்கள். படிப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். கட்டி தயாரானதும், உருளை வாயுவுக்குப் பதிலாக நகரக் குழாய் வாயுவை வைத்துத் திரும்பத் திரும்ப நிரப்பி இறக்கும் சோதனையையும், கட்டியின் நடுவில் ஒரு வெப்பமின் இரட்டையை (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரியை) செருகி நிரப்பும்போது ஏறும் வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள். இவ்விரண்டும் இல்லாத கரிக்கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெப்பமின் இரட்டைக்கான துளையைக் கட்டியை அழுத்தும்போதே அச்சில் ஒரு கம்பி வைத்து விட்டுவிடுங்கள். சுட்ட பிறகு துளையிட்டால் கட்டி பிளந்துவிடும்.